பத்தாவது பாட்டில் டிரம்ஸ் இல்லை

பன்னிரண்டு வருஷத்தில் எங்கள் இசைக்குழுவுக்கு வந்த முதல் நல்ல விமர்சனம், நான் இல்லாத பாட்டுக்கு வந்தது. வாசித்தது என்னவோ வாசித்தேன். பாட்டில்தான் இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

நாங்கள் மூன்று பேர். அண்ணன் பாடுவான், கிட்டார் வாசிப்பான். அண்ணிக்கு சிந்தசைசரும் லேப்டாப்பும். எனக்கு டிரம்ஸ். அண்ணனுக்கு ராக் வேண்டும், அண்ணிக்கு மின்சாரச் சத்தம் வேண்டும், எனக்கு நாலு பேர் எழுந்து ஆட வேண்டும். ஆளுக்கொரு பக்கம் இழுத்து, கிழியாமல் மிச்சமிருந்ததுதான் எங்கள் இசை. குழுவின் பெயர் ‘இரண்டாவது பிரேக்’. அண்ணனுக்கு டிரைவிங் ஸ்கூலில் வேலை. கற்றுக்கொள்ள வருகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்தே பாதி ஆயுசைக் கழித்தவன். பெயர் அங்கிருந்து வந்தது. அண்ணி ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறாள். நான் திரைச்சீலைக் கடையில் துணி வெட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாங்கள் கலைஞர்கள்.

அன்று மதியம் கடையில் யார் வீட்டு ஜன்னலுக்கோ ஏழடி நீலத்துணியை வெட்டிக்கொண்டிருந்தேன். அண்ணி போன் செய்தாள்.

“ஒன்றரை எழுதியிருக்கார்டி.”

ஒன்றரை என்பது வார இதழில் இசை விமர்சனம் எழுதுகிறவர். ஐந்து நட்சத்திரத்தில் ஒன்றரைக்கு மேல் யாருக்கும் கொடுத்ததில்லை, அதனால் பாடுகிறவர்கள் வாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் அவர் ஒன்றரைதான். எங்கள் முதல் ஆல்பத்துக்கு ஒன்று கொடுத்தார். ‘ஜெனரேட்டர் ஓடுகிற அறையில் நின்று ஒருவர் பாட முயல்கிறார், ஜெனரேட்டர் ஜெயிக்கிறது’ என்று எழுதினார். அந்த ஜெனரேட்டர் நான். இரண்டாவது ஆல்பத்துக்கு அரை கொடுத்தார். அதற்குக் காரணம்கூடச் சொல்லவில்லை, மனுஷனுக்கு அலுத்துப் போயிருக்கும்.

“இந்தத் தடவை எவ்வளவு? காலா?”

“நாலரை.”

“வேற யாருதையோ படிக்கிறீங்க அண்ணி. கண்ணாடியைப் போட்டுட்டுப் பாருங்க.”

“நம்ம பேருதான், நம்ம போட்டோதான். உங்க அண்ணன் கண்ணை மூடிக்கிட்டு நிப்பாரே, அந்தக் கண்றாவி போட்டோ. கேளு, படிக்கிறேன்.”

படித்தாள். பின்னால் யாருடைய பல்லையோ குடைகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முதல் ஒன்பது பாட்டுகளையும் நீங்கள் கேட்காமல் விட்டால் குடிமுழுகிப் போகாது என்று ஆரம்பித்திருந்தார் ஒன்றரை. அட, நம்ம ஆள்தான் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு பத்தாவது பாட்டுக்கு வந்தார். அது ‘பூட்டிட்டுப் போ’. குடியிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, சாவியைக் கொடுக்கும் முன் அறை அறையாக ஒருதரம் சுற்றிவருகிறவனின் பாட்டு.

“‘இங்கே இவர்கள் செய்திருக்கும் காரியம் சாதாரணமானதல்ல’” என்று படித்தாள் அண்ணி. “‘பன்னிரண்டு வருடம் தங்களைச் சுமந்து வந்த டிரம்ஸை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். மிச்சம் ஒரு குரல், ஒரு சிந்தசைசர், சுவர்க்கடிகாரம்போல ஒரு டிக். ஆட வந்தவனைக் கூட்டிப்போய்க் காலி வீட்டில் நிறுத்துகிறார்கள். எப்பேர்ப்பட்ட துணிச்சல்...’”

நிறுத்தினாள். பல் குடைகிற சத்தமும் நின்றது.

“டிரம்ஸை எடுத்துட்டமா?” என்றாள்.

“யார் எடுத்தது?”

“எனக்கென்ன தெரியும்? நீ கேட்டியா பாட்டை?”

“இல்ல. நீங்க?”

“இல்லையே.”

ஆல்பம் வெளியாகி ஒன்பது நாளாகிறது, வாசித்தவர்களே கேட்கவில்லையா என்று நீங்கள் சிரிக்கலாம். எந்தக் குழுவை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். பாட்டு எழுதும்போது நூறு தடவை, பழகும்போது நூறு தடவை, பதிவுசெய்யும்போது நூறு, சத்தங்களை அளவு பார்த்துக் கலக்கும்போது இன்னொரு நூறு. நானூறு தடவை கேட்டதை நானூற்றி ஒன்றாவது தடவை எவள் கேட்பாள்? வெளியான அன்று எல்லோருக்கும் சுட்டியை அனுப்பினோம். நாங்கள் தொடவில்லை. சமைத்தவளுக்குச் சாப்பாடு இறங்காது என்பார்களே, அப்படி.

கடையின் பின்கட்டில், துணிச்சுருள்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேட்டேன். அண்ணன் பாடினான். அண்ணியின் நீண்ட சுரம் வந்தது. நான் வரவேண்டிய இடத்தில் டிக், டிக், டிக் என்று வந்தது. எனக்கு அந்த டிக்கை நன்றாகத் தெரியும். பதிவின்போது தாளம் தப்பாமலிருக்க எங்கள் ஹெட்போனில் மட்டும் ஓடும் சத்தம் அது. கிளிக் என்போம். சட்டையில் தையல்காரர் வைக்கும் சாக்பீஸ் கோடு மாதிரி. அதோடு சட்டையைப் போட்டுக்கொண்டு யாரும் வெளியே போவதில்லை. நாங்கள் போயிருக்கிறோம். ஊர் கைதட்டுகிறது.

நாலு நிமிஷம் இருபது விநாடி. ஒரு அடிகூட இல்லை. அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தேன், வரவில்லை. சரி, கோபமாவது வரட்டும் என்று பார்த்தேன். கோபம் என்று பெயர் தெரிந்தது, சூடு தெரியவில்லை. எழுந்துபோய் நீலத்துணியை மிச்சம் வெட்டி மடித்தேன்.

இன்னொரு ஆல்பமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இது அப்படியில்லை. போன வருஷம் என் வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார் நரம்பு டாக்டர். அடிப்பதை நிறுத்தச் சொன்னார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். “நாள் கணக்கு இல்லம்மா. நிறுத்துங்க” என்றார். ஒன்பது பாட்டு அதற்குள் முடிந்திருந்தது. ஒன்று பாக்கி. அண்ணி க்ளினிக்கிலிருந்து வெள்ளை டேப் கொண்டுவந்து, குச்சியையும் என் விரல்களையும் சேர்த்துச் சுற்றினாள். ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். குச்சி சரியில்லை என்றேன், ஸ்டூல் ஆடுகிறது என்றேன், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக ஒவ்வொன்றையும் திட்டித் திட்டி, பதினோராவது டேக்கில் முடித்தேன். முடித்தபோது இதைவிட நன்றாக நான் வாசித்ததே இல்லை என்று தோன்றியது. டேப்பைப் பிரித்தார்கள். அதற்குப் பிறகு குச்சியைத் தொடவில்லை, அந்த டேக்கைத் திரும்பக் கேட்கவும் இல்லை, அந்தப் பாட்டைக் கலக்கும்போது போகவும் இல்லை. விரல்கள் இன்றுவரை திரும்பவில்லை. கத்தரிக்கோலை இப்போது கட்டைவிரலையும் மற்ற இரண்டையும் வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

ஆக, இனி வாசிக்க முடியாது. இருந்தது அந்த ஒரு டேக்தான். அதுதான் பாட்டில் இல்லை.

கடை முடிந்து நேரே காதண்ணனிடம் போனேன். எங்கள் பதிவெல்லாம் அவரிடம்தான். அறைக்குள் கொசு பறந்தாலும் அது என்ன சுருதி என்று சொல்வார், அதனால் காது. வயது ஐம்பதைத் தொடுகிறது, அதனால் அண்ணன். பைக் ரிப்பேர் கடைக்கு மேலே, சுவரெல்லாம் பழைய மெத்தை அறைந்த ஓர் அறை. நான் கதவைத் தட்டும்போது அவரும் விமர்சனத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

“நம்ம பேரைக்கூடப் போட்டிருக்காரும்மா. ‘ஒலிக்கலவையின் கட்டுப்பாடு வியக்க வைக்கிறது’ன்னு.”

“கட்டுப்பாடா? திறங்க உங்க கட்டுப்பாட்டை.”

கம்ப்யூட்டரில் பாட்டைத் திறந்தார். டிரம்ஸ் வரிசை முழுக்கச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. சத்தத்தை அடைத்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குக் கீழே, என்றைக்கும் மூடியிருக்க வேண்டிய கிளிக் பச்சையாக எரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் நெற்றியில் ஒரு அடி அடித்துக்கொண்டார்.

“அடப்பாவி.”

“யாரு?”

“நான்தாம்மா. எல்லாம் முடிஞ்சப்புறம் உங்க அண்ணன் வந்து ஒரே ஒரு வார்த்தையைத் திரும்பப் பாடணும்னார். குரல் தனியாக் கேக்கட்டும்னு டிரம்ஸை மூடினேன். தாளத்துக்குக் கிளிக்கைத் திறந்தேன். பாடிட்டுப் போயிட்டார். பத்துப் பாட்டையும் ஒரே மூச்சுல வெளிய எடுத்து அனுப்பிட்டேன். யானைக்கும் அடி சறுக்கும்ல.”

“யானைக்குச் சறுக்கினா யானை விழும். இங்க விழுந்தது நான்.”

அவர் டீ போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன், போட்டார், குடித்தேன்.

அடுத்த இரண்டு நாளுக்குள் ஒன்றரையைப் பார்த்து மற்றவர்களும் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு ஆடு தாண்டினால் மந்தை தாண்டும். இணைய இதழ் ஒன்றில் ‘பீட்டைத் துறத்தல்’ என்று தலைப்பு. ஒரு கல்லூரி ஆசிரியர் இன்மை, வெறுமை, சூனியம் என்று மூன்று பக்கத்துக்கு நீட்டி, கடைசியில் அந்த டிக் நம் மனசாட்சி என்று கண்டுபிடித்திருந்தார். கருத்துப் பகுதியில் ஒரு புண்ணியவான் மட்டும் ‘என் ஸ்பீக்கர் ரிப்பேர்னு நெனச்சு கடைக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்’ என்று எழுதியிருந்தான். பார்த்த விமர்சனங்களில் விஷயம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

வீட்டில், அண்ணன் வீட்டுச் சமையலறை மேஜையில், மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் அவர்கள் மாடியில்தான் குடியிருக்கிறேன். ஆல்பத்தை வெளியிட்ட கம்பெனியில் அண்ணன் பேசிவிட்டிருந்தான். தப்பான பாட்டை எடுத்துவிட்டுச் சரியானதைப் போட இரண்டு நாள் போதுமாம். ஆனால் ஊரிலேயே பெரிய அரங்கத்திலிருந்து எங்களைக் கேட்டிருக்கிறார்களாம், கேட்டது அந்தப் பாட்டுக்காக. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ரேடியோவில் நேரடிப் பேட்டி, அதுவும் அந்தப் பாட்டுக்காகத்தான்.

“காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்ததுன்னே வெச்சுக்கோ” என்றாள் அண்ணி. “விழுந்த பழத்தை எடுத்துட்டுப் போய் மரத்துல ஒட்டுவாங்களா யாராவது?”

“அந்த மரத்துலதான் அண்ணி நான் இருந்தேன்.”

“இருந்தே. யாரு இல்லேன்னா? பன்னெண்டு வருஷமா நாயா அலைஞ்சோம். ஒருத்தன் திரும்பிப் பாத்தானா? இப்பத்தான் பாக்கிறான். இப்பப் போயி, ஐயா அது தப்புங்க, நாங்க பழைய ஜெனரேட்டர்தாங்கன்னு சொல்லணுமா?”

ஜெனரேட்டர் என்ற வார்த்தை வாயைவிட்டு வந்ததும் அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அண்ணன் அவளை ஒரு பார்வை பார்த்தான். எனக்கு வலிக்கவில்லை. வலிக்க வேண்டிய வார்த்தை என்பது தெரிந்தது, அவ்வளவுதான்.

“அது என் கடைசி வாசிப்பு” என்றேன். “அதை விட்டா என் கையில ஒண்ணும் இல்ல. அரங்கம் வராட்டிப் போகட்டும். எனக்கு அது வேணும்.”

அண்ணி எழுந்துபோய்க் குழாயைத் திறந்து, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

“மாத்திடலாம்” என்றான் அண்ணன். “காதண்ணன்கிட்டச் சொல்லிச் சரியானதை எடுக்கச் சொல்றேன். சனிக்கிழமை நீ போய்க் கேட்டு, சரின்னு சொன்னா அனுப்பட்டும். ரேடியோல என்ன நடந்ததுன்னு நானே சொல்லிடறேன்.”

“எல்லாரும் சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். நமக்குப் புதுசா?”

அண்ணனிடம் எனக்குப் பிடிக்காதது இதுதான். சண்டை போடத் தயாராக வந்தால் கதவைத் திறந்துவிட்டு உள்ளே வா என்பான். அன்று அவன் கண்ணைப் பார்த்து ஒரு நன்றி சொல்லியிருக்கலாம். மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு, இரண்டு பிரேக் வைத்த அந்த டிரைவிங் ஸ்கூல் காரிலேயே மூவரும் கிளம்பினோம். காதண்ணன் தெருவில் அண்ணன் வண்டியை ஓரங்கட்டினான். “நீ மட்டும் போய்க் கேளு. இது உன்னோடது” என்றான். படியேறினேன். கீழே யாரோ ஒரு பைக்கை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது எழும்பவில்லை.

காதண்ணன் எனக்காக நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார். “இந்தத் தடவை கேட்டுட்டுத்தான் அனுப்புறது. சத்தியம்” என்றார். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

அண்ணன் பாடினான். அண்ணி வந்தாள். நான் வந்தேன்.

நன்றாக இருந்தது. அதை மறைப்பானேன், ரொம்ப நன்றாக இருந்தது. ஒவ்வொரு அடியும் கல்லில் அடித்த மாதிரி விழுந்தது. முதல் சரணம் முழுக்க எனக்குப் பெருமையாக இருந்தது. பல மாதமாக நான் மறந்திருந்த ஒரு உணர்ச்சி அது, உடம்பு லேசாகச் சுட்டது. இரண்டாவது சரணத்தில்தான் ஸ்னேரைக் கவனித்தேன். நான் வலது கையால் அடிக்கிற சின்ன டிரம் அது. ஒவ்வொரு ஸ்னேருக்கும் ஒரு குரல் உண்டு. வாசிக்கிறவளுக்கு அது பெற்ற பிள்ளையின் குரல் மாதிரி, பக்கத்து அறையிலிருந்து இருமினாலும் தெரிந்துவிடும். இந்தக் குரல் எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஸ்னேர் என்னிடம் இல்லை. வளையம் நெளிந்துபோய் ஏழு வருஷத்துக்கு முன்னால் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன்.

பாட்டை நிறுத்தினேன்.

“காதண்ணா, இது எந்த ஸ்னேர்?”

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

“உன்னோடதுதான்.”

“எப்ப உள்ளது?”

“முதல் ஆல்பம்.”

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தையது. அப்போது எனக்கு இருபத்து நாலு வயது.

“அந்தப் பதினோரு டேக்லயும் வலது கை வரலம்மா” என்றார். “இடது கை இருக்கு, கால் இருக்கு. வலது மட்டும் வருது, போகுது. என்ன செய்வேன் சொல்லு? வேற யாரோ அடிச்சதைப் போட மனசு வரல. பழசுல இருந்து நீ அடிச்ச அடியையே ஒண்ணொண்ணா எடுத்து, நீ அடிக்க வேண்டிய இடத்துல ஒட்டினேன். நாலு நாள் ஆச்சு. எல்லாம் உன் கைதான். நான் வேற கை வெக்கல.”

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“அவர்தான் பக்கத்துல உக்காந்து எடுத்துக் குடுத்தார்.”

“அண்ணிக்கு?”

“தெரியாது. சொல்ல வேண்டாம்னுட்டார். உனக்கும்தான்.”

அந்தச் சூடு எங்கே போனது என்று பார்த்தேன். போன சுவடே இல்லை. “அசலைப் போடுங்க” என்றேன்.

“வேண்டாம்மா. எதுக்கு வீணா?”

“போடுங்கன்னா போடுங்க.”

போட்டார். கால் சரியாக இருந்தது. இடது கை சரியாக இருந்தது. வலது கை யாரோ அடுத்த வீட்டுக் கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது. ஒரு அடி விழும், அடுத்தது தோலைத் தொட்டுவிட்டு நகரும், அதற்கடுத்தது ஒரு மயிரிழை பிந்தி வரும். இரண்டாவது சரணத்தில் குச்சி நழுவி விளிம்பு இரும்பில் பட்ட சத்தம். டேப் நெரிகிற சத்தம்கூட மைக்கில் விழுந்திருந்தது. கடைசி வரை கேட்டேன். பாட்டு முடிந்தது, பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. மூச்சு வாங்குகிறது. பிறகு என் குரல்.

“இதான்! இதை வெச்சுக்கலாம். எப்படி? சூப்பரா வந்திருக்குல்ல?”

யாரும் பேசவில்லை. எண்ணினேன், நாலு டிக் அளவுக்கு யாரும் பேசவில்லை. பிறகு அண்ணன் குரல் கேட்டது.

“ஆமா. சூப்பர்.”

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தேன். இத்தனை மாதமாக நான் காப்பாற்றி வைத்திருந்தது இதைத்தான். எனக்கு அன்று கேட்டது வேறு. விரலுக்குத் தெரியாததை என் மூளை நிரப்பியிருக்கிறது. இரண்டில் எது பாட்டில் இருக்க வேண்டும் என்று யோசித்தேன். ஒட்டிய இருபத்து நாலு வயசுக்காரியா, தட்டத் தயங்கும் முப்பத்தாறு வயசுக்காரியா? இரண்டு பேரும் எனக்கு ஆகவில்லை. டிக் டிக் என்று ஓடுவதுதான் அந்தப் பாட்டுக்குப் பொருத்தம். இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லைதான், ஆனாலும் ஒன்றரை சொன்னது சரி. அந்த ஆள் முதல் தடவையாக ஒரு பாட்டைச் சரியாகக் கேட்டிருக்கிறார்.

“எதை அனுப்பட்டும்?” என்றார் காதண்ணன்.

“எதையும் அனுப்ப வேண்டாம்.”

“அப்ப இப்ப வெளிய இருக்கிறது?”

“இருக்கட்டும்.”

“யோசிச்சுச் சொல்லும்மா. உங்க அண்ணன் ரேடியோல...”

“நான் பாத்துக்கறேன்.”

வாசல்வரை வந்தார். அசலை ஒரு பிரதி எடுத்துத் தரவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் கண் கலங்கியிருந்தது. என் சார்பில் அழ ஒரு ஆள் கிடைத்தது என்று இறங்கிவிட்டேன்.

காரில் அண்ணன் திரும்பிப் பார்த்தான். “எப்படி இருந்தது?”

“நல்லா இருந்தது.”

“அனுப்பிட்டாரா?”

“ம்.”

அவன் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “எப்படியோ, உனக்குத் திருப்தின்னா சரி” என்றாள். நிஜமாகத்தான் சொன்னாள். கோபக்காரி, ஆனால் கள்ளம் கிடையாது. ரேடியோ நிலையம் வரும்வரை அண்ணன் சொல்லவேண்டியதை வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினான்.

ரேடியோ அறை காதண்ணனின் அறையைவிடச் சின்னது. அரைவட்ட மேஜை, நாலு மைக், ஆளுக்கொரு தண்ணீர் டம்ளர். தொகுப்பாளினிக்கு எங்களைவிட வயது குறைவு, உற்சாகம் பத்து மடங்கு. அண்ணன் என் வலப்பக்கம், அண்ணி அவனுக்கு அந்தப் பக்கம். சிவப்பு விளக்கு எரிந்தது. வணக்கம் சொன்னார், நாலரை நட்சத்திரத்தைச் சொன்னார், ஊரே பேசுகிறது என்றார்.

“எல்லார் மனசுலயும் இருக்கிற கேள்வி. ஒரு டான்ஸ் ராக் பேண்ட், கடைசிப் பாட்டுல டிரம்ஸையே தூக்கிட்டீங்க. யாரோட ஐடியா?”

அண்ணன் தொண்டையைச் செருமினான். மைக்குக்கு நெருங்கி உட்கார்ந்தான்.

“அது வந்துங்க, உண்மையைச் சொல்லணும்னா, அது ஐடியாவே இல்ல. அது ஒரு...”

“என்னோடது” என்றேன்.

அண்ணன் திரும்பினான். அண்ணியும் எட்டிப் பார்த்தாள்.

“என்னோட ஐடியா. நான்தான் எடுக்கச் சொன்னேன். அண்ணனுக்கு இஷ்டமே இல்ல. கடைசிவரைக்கும் என் வாசிப்பு இருக்கணும்னுதான் நின்னான். நான்தான் கேக்கல.”

“டிரம்மர் நீங்களே சொன்னீங்களா!” தொகுப்பாளினி நாற்காலியிலேயே குதித்தார். “எதுக்கு?”

எதுக்கு என்று எனக்குச் சொல்லத் தெரிந்திருந்தது. ஆனால் அது இந்தப் பெண்ணுக்குச் சொல்கிற விஷயமில்லை.

“கேட்டுப் பாத்தேன். அது இல்லாமதான் நல்லா இருந்தது.”

“தன்னோட வாசிப்பையே வேண்டாம்னு சொல்றதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும்! நேயர்களே, அந்தப் பாட்டைக் கேட்டுட்டு வருவோம்.”

பாட்டு தொடங்கியது. மைக்குகள் மூடின, சிவப்பு விளக்கு அணைந்தது. தொகுப்பாளினி ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே யாரிடமோ பேசப் போனார். டிக், டிக், டிக்.

“அனுப்பல, இல்ல?” என்றான் அண்ணன்.

“இல்ல.”

“ஏன்டி?”

“பதினோராவது டேக்கைக் கேட்டேன். ஒட்டாததை.”

அண்ணி, “எந்த ஒட்டு? என்ன பேசுறீங்க ரெண்டு பேரும்?” என்று கேட்டாள்.   கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ எங்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்கள். நானும் தலையாட்டினேன்.  டம்ளரை எடுக்க வலது கையைத் தூக்கினேன், வரவில்லை, குனிந்து பார்த்தேன். மேஜைக்கு அடியில் என் சுண்டுவிரலையும் மோதிர விரலையும் அண்ணன் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது. எப்போதிலிருந்து பிடித்திருக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை.